பூவுக்குப் பெயர் வைத்தவர்

கொடி வளர்ப்பதைப் பற்றி நம்மவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொல்லையில் நாலு கழிகளை நட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டால் அவரையும் புடலையும் தாமாகவே ஏறிக்கொள்கின்றன. வாசல் பந்தலில் முல்லையை ஏற்றிவிட்டால் மாலை நேரத்தில் தெருவுக்கே வாசனை கிடைக்கிறது. பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் காற்றில் ஆடிய முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போன ஒரு சிற்றரசனை இன்னும் நாம் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்க் கொடிக்குள்ள கஷ்டம் அந்த ஒன்றுதான். அதற்குக் கொழுகொம்பு வேண்டும். கொழுகொம்பு கிடைத்துவிட்டால் மற்றதை வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

குளிர்தேசத்துக் கொடிக்குக் கஷ்டங்கள் இரண்டு. கொழுகொம்பு ஒன்று, மார்கழியைப் போல் பத்து மடங்கு கடுமையான பனிக்காலம் மற்றொன்று. அங்கே பாரி வள்ளலே வந்து தேரை நிறுத்தினாலும் பயன் பாதிதான். ஐப்பசி முடிவதற்குள் இலை உதிர்ந்துவிடும். தை பிறக்கும்போது தேர் இருக்கும். அதன் மேல் காய்ந்துபோன நார்தான் இருக்கும். கொடி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது பங்குனி வரையில் யாருக்கும் தெரியாது. அந்த நான்கைந்து மாதங்களில் அதன் உயிரெல்லாம் மண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இப்படிப்பட்ட கொடிகளில் ஒன்றைப் பற்றியும், அதைப் போலந்து தேசத்தில் வளர்த்த ஒரு துறவியைப் பற்றியும் சொல்ல நினைக்கிறேன். தோட்டக் கலையைப் பற்றிய கட்டுரையாக இருக்கிறதே, சரித்திரம் எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சரித்திரம் எப்போதும் கோட்டை வாசல் வழியாகத்தான் வருகிறது என்பதில்லை. சில சமயம் கொல்லைப்புறமாகவும் வருகிறது.

கொடியின் பெயர் கிளமேட்டிஸ். நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று எண்ண வேண்டாம். இதன் காட்டு உறவினர்கள் நம் நீலகிரியிலேயே உண்டு. சோலைக் காடுகளின் ஓரத்தில் புதர்களின் மேல் படர்ந்து, பூத்து ஓய்ந்த பிறகு வெண்பட்டு நூல் போன்ற வால் முளைத்த விதைகளோடு நிற்பவை அவை. மேல்நாட்டுத் தோட்டங்களில் வளர்வது இதே குடும்பத்தில் பெரிய பூப் பூக்கும் கிளை. உள்ளங்கை அகலத்துக்கு, சில வகைகளில் சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்குக்கூடப் பூ விரியும். நீலம், ஊதா, குங்குமச் சிவப்பு, வெள்ளை என்று பல நிறங்கள்.

இந்தப் பூவில் ஒரு வேடிக்கை உண்டு. இதழ் என்று நாம் நினைத்து ரசிப்பது உண்மையில் இதழே அல்ல. மற்றப் பூக்களில் மொட்டை மூடிக்கொண்டு பச்சையாக இருக்கிறதே புல்லிவட்டம், அதுதான் இங்கே நிறம் பூசிக்கொண்டு இதழ் வேஷம் போடுகிறது. ஏறுகிற விதமும் தனி. முல்லையைப் போலத் தண்டே சுற்றிக்கொண்டு ஏறுவதில்லை. பாகலைப் போலச் சுருள் கம்பி விடுவதுமில்லை. இலைக் காம்பைக் கொண்டே பற்றிக்கொள்கிறது. மெல்லிய குச்சியோ கம்பியோ இலைக் காம்பில் பட்டால் போதும், கைக்குழந்தை விரலைப் பிடித்துக்கொள்வது போல ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். ஆகையால் பருத்த கம்பமாக இருந்தால் இதற்கு உபயோகமில்லை. சன்னமான தட்டி வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு ரோஜாச் செடி வேண்டும்.

கிளமேட்டிஸுக்குத் தலை வெயிலில் இருக்க வேண்டும், கால் நிழலில் இருக்க வேண்டும் என்பது மேல்நாட்டுத் தோட்டக்காரர்கள் பாட்டி காலத்திலிருந்து சொல்லிவரும் பாடம். பூ சூரியனைப் பார்க்கலாம். வேர் மட்டும் குளிர்ச்சியான மண்ணில் இருக்க வேண்டும். அதற்காக அடியில் ஒரு பலகைக் கல்லைச் சாய்த்து வைப்பவர்களும் உண்டு, குட்டையான செடிகளை நட்டு வைப்பவர்களும் உண்டு.

இந்தப் பெரிய பூ பிறந்த கதை இங்கிலாந்தில் நடந்தது. ஐரோப்பாவின் தெற்குப் பகுதியில் வளரும் ஒரு சிறிய பூக் கிளமேட்டிஸ் 1569-ம் வருஷத்திலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. எலிசபெத் ராணியின் மருந்துக்காரராக இருந்த ஹியூ மார்கன் என்பவர் அதை வளர்த்தார். தலை கவிழ்ந்த ஊதாப் பூ, பார்வைக்குச் சாது, குளிரைத் தாங்குவதில் மகா உறுதி. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் அது வேலிகளின் மேல் படர்ந்துகொண்டு யாருடைய கவனத்தையும் பெரிதாகக் கவராமல் இருந்தது.

பிறகு சீனாவின் கதவுகளைப் பீரங்கி வைத்துத் திறந்தார்கள். 1842-ம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கைக்குப் பின், கப்பல்கள் போன வழியே செடி வேட்டைக்காரர்களும் போனார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் ராபர்ட் பார்ச்சூன். தேயிலைச் செடிகளையும் அந்தத் தொழிலின் ரகசியத்தையும் சீனாவிலிருந்து இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவருவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1848-ல் அனுப்பிய மனிதர் அவரேதான். சீனர்களைப் போல் உடை உடுத்து, தலைமயிரையும் அவர்களைப் போலவே ஆக்கிக்கொண்டு உள்நாட்டில் திரிந்தார். தேயிலையோடு தேயிலையாக, 1850-ல் நிங்போ நகரத்தின் பக்கத்திலிருந்து ஒரு கிளமேட்டிஸையும் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பினார். இலையின் அடிப்புறம் கம்பளி போர்த்தியது போலிருக்கும். வெளிர் நீலப் பூ இங்கிலாந்துக்காரர்கள் அதுவரையில் பார்த்திராத அளவுக்குப் பெரிது. காலையில் நாம் குடிக்கும் தேநீருக்கும் இந்தப் பூவுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது.

லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்ற ஊரில் ஜாக்மன் குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணை இருந்தது. 1858-ல் அவர்கள் சீனத்துப் பெரிய பூவையும் ஐரோப்பாவின் சிறிய பூவையும் சேர்த்துவைத்தார்கள். இந்தக் கல்யாணம் நடத்திவைப்பது லேசான காரியமல்ல. ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே உதிர்ப்பதற்கு முன் அதன் மகரந்தத் தாள்களைக் கத்தரித்துவிட வேண்டும். மற்றதன் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். தேனீ வந்து கலைத்துவிடாதபடி உறை போட்டுக் கட்ட வேண்டும். பிறகு விதை முற்ற வேண்டும். விதைத்தது முளைக்கப் பல மாதங்கள் ஆகலாம். சில விதைகள் ஒரு வருஷத்துக்கு மேலும் சும்மா கிடக்கும். முளைத்ததன் முகத்தைப் பார்க்க இன்னும் சில வருஷங்கள். ஜாக்மன் பண்ணையில் சுமார் 300 நாற்றுகள் கிடைத்தன. 1862-ல் அவற்றில் ஒன்று பூத்தது. சீனத்துப் பூவின் அகலமும் ஐரோப்பியப் பூவின் உறுதியும் அமைந்த ஆழ்ந்த ஊதாப் பூ. அடுத்த வருஷம் கென்சிங்டனில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் முன் வைக்கப்பட்டு முதல் தரச் சான்று பெற்றது. அதற்கு 'ஜாக்மனியை' என்று பெயர். இன்றும் குளிர்தேசங்களில் கிளமேட்டிஸ் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அதுதான்.

அதன் பிறகு ஒரு பைத்தியம் பிடித்தது போல் எல்லோரும் கிளமேட்டிஸ் வளர்த்தார்கள். 1872-ல் அதற்கென்றே ஒரு புஸ்தகமும் வந்தது. புதிய வகைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆனால் 1880-களுக்குப் பின் ஒரு வியாதி வந்தது. நேற்று மாலை மொட்டும் தளிருமாக நின்ற கொடி இன்று காலை வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு தொங்கும். வேர் புழுவா, தண்ணீர்க் குறையா, மண்ணின் தோஷமா என்று தெரியாமல் பண்ணைக்காரர்கள் திகைத்தார்கள். எத்தனையோ வகைகள் அழிந்தன, தொழிலே படுத்துவிட்டது. ஒரு பூஞ்சணம்தான் இதற்குக் காரணம் என்று 1915-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்.

இந்த வியாதியிலிருந்து தோட்டக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பூக் கிளமேட்டிஸை நடும்போது, தொட்டியில் இருந்த மட்டத்துக்கு நடக்கூடாது. நாலைந்து விரற்கடை ஆழத்தில் நட வேண்டும். தண்டின் அடிக் கணுக்கள் இரண்டாவது மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மேலே உள்ளதெல்லாம் ஒரே இரவில் செத்துப்போனாலும், புதைந்த கணுவிலிருந்து மறுபடியும் தளிர் வரும். பூஞ்சணத்துக்குச் சொன்ன இந்த மருந்தே உறைபனிக்கும் மருந்து.

குளிர் கடுமையாக உள்ள நாடுகளில் இன்னொரு கணக்கும் பார்ப்பார்கள். கிளமேட்டிஸில் இரண்டு ஜாதி. ஒன்று, போன வருஷத்துத் தண்டில் பூப்பது. மே மாதத்திலேயே பூத்துவிடும். பார்க்க மிக அழகு. ஆனால் அந்தத் தண்டு குளிரில் கருகிவிட்டால் அந்த வருஷத்துக்கு முதல் பூ கிடையாது. மற்றது, இந்த வருஷம் முளைத்த தளிரிலேயே பூப்பது. ஆடி மாதத்துக்குத்தான் பூ வரும். ஆனால் அதனிடமிருந்து பனிக்காலம் பறித்துக்கொள்வதற்கு எதுவுமே இல்லை. தோட்டக்காரனே மார்ச் மாதத்தில் கத்தரியை எடுத்து, தரையிலிருந்து ஒரு முழம் விட்டு மிச்சத்தையெல்லாம் கவாத்து செய்து எறிந்துவிடுகிறான். ஜூலையில் அது ஆள் உயரத்துக்கு மேல் ஏறிப் பூக்கிறது. திருடன் வருமுன் வீட்டைக் காலி செய்துவிட்டு, நிலவறையில் உள்ள பொக்கிஷத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் போலந்துக்குப் போவோம். இப்படி வீட்டைக் காலி செய்து, நிலவறையில் உயிரை வைத்துக்கொண்டு பிழைத்த தேசம் அது. மூன்று வல்லரசுகள் பங்கு போட்டுக்கொண்டதில், 1795 முதல் 1918 வரையில் தேசப் படத்திலேயே அது இல்லை. 1939-ல் மறுபடியும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வார்ஸா நகரத்தின் தென்பகுதியில் மொகொட்டூவ் என்ற பேட்டை. அங்கே ரகோவியெட்ஸ்கா என்றொரு தெரு. அந்தத் தெருவின் 61-ம் எண் கட்டடம் சேசு சபைத் துறவிகளுடைய மடம். சேசு சபை நமக்குத் தெரியாததல்ல. ராபர்ட் நொபிலியும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள்தாம். 1944-ம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி ஜெர்மானியர்களுக்கு எதிராக வார்ஸாவில் கிளர்ச்சி தொடங்கியது. மறுநாளே ஹிட்லரின் எஸ். எஸ். படையினர் இந்த மடத்துக்குள் நுழைந்தார்கள். துறவிகளையும், வெளியிலிருந்து வந்து அங்கே அகப்பட்டுக்கொண்டவர்களையும் கட்டடத்தின் கீழறையில் கொன்று, சடலங்களை எரித்தார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய 40 பேர். அவர்களில் 16 பேர் சபையினர்: எட்டுப் பேர் குருமார், எட்டுப் பேர் சகோதரர்கள். கிளர்ச்சி 63 நாள் நடந்து தோற்றது. அதன் பின் ஜெர்மானியர்கள் மிச்சமிருந்த வீடுகளைத் தெருத் தெருவாகக் கொளுத்தியும் வெடி வைத்தும் தகர்த்தார்கள். யுத்தம் முடிந்தபோது வார்ஸாவில் பெரும் பகுதி செங்கற் குவியலாகக் கிடந்தது.

அதோடும் அந்தத் தெருவின் கதை தீரவில்லை. அதே ரகோவியெட்ஸ்கா தெருவில் ஒரு சிறைச்சாலை உண்டு. யுத்தத்துக்குப் பின் சோவியத் துணையோடு ஏற்பட்ட அரசாங்கம், ஜெர்மானியர்களோடு போராடிய தேசபக்தர்கள் பலரையே அங்கே அடைத்தது. அவுஷ்விட்ஸ் முகாமில் நடப்பதை உலகத்துக்குச் சொல்வதற்காகத் தாமாகவே கைதியாகிப் போய், பிறகு தப்பியும் வந்த விடோல்ட் பிலெட்ஸ்கியை 1948-ம் வருஷம் மே 25-ந் தேதி சுட்டுக் கொன்றது அந்தச் சிறையில்தான். அவரைப் பற்றிப் பேசுவதே பல வருஷ காலம் அந்த நாட்டில் கூடாத காரியமாக இருந்தது.

அதே 1948-ல், 31 வயதான ஸ்டெபான் பிராஞ்சாக் என்ற மனிதர் சேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறவில்லை, மடத்தின் வேலைகளைச் செய்யும் சகோதரராகவே கடைசி வரையில் இருந்தார். வார்ஸா மடத்துக்கு வந்தபின் தோட்டம் அவர் பொறுப்பாயிற்று. பக்கத்தில் கொலை நடந்த கட்டடம், தெருவில் சற்றுத் தூரத்தில் சிறைச்சாலை, சுற்றிலும் இடிபாடு. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கக்கூடிய ஊர். அந்த மண்ணில் அவர் பூச்செடிகளை வைத்தார். ஐரிஸ் வளர்த்தார், பகல் லில்லி வளர்த்தார். பிறகு கிளமேட்டிஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. விதைப்பதும், நாற்றுகளைப் பூக்கும்வரை காத்திருந்து பார்ப்பதும், தேறாதவற்றைத் தள்ளுவதும், வார்ஸா குளிரைத் தாங்கி நன்றாகவும் பூக்கிற ஒன்றிரண்டை வைத்துக்கொள்வதுமாகப் பல பத்து வருஷங்கள். அப்படி அவர் தேர்ந்து உலகத்துக்குக் கொடுத்த வகைகள் எழுபதுக்கு மேல். 2009-ல் தம் 92-வது வயதில் காலமானார்.

கதை எழுதுகிறவர்களுக்குப் பெயர் வைப்பது எவ்வளவு சங்கடமான வேலை என்பது தெரியும். பாத்திரத்துக்குச் சரியான பெயர் கிடைக்கும்வரையில் அது எழுந்து நடக்காது. ஆகையால் ஒரு மனிதர் எழுபது தடவை பெயர் வைத்தார் என்றால், அவர் மனசைப் பார்க்க அந்தப் பட்டியலைப் படித்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் காலத்துக்கு முன்பு கிளமேட்டிஸுக்கு வைத்த பெயர்கள் எப்படிப்பட்டவை? 'எடின்பரோ சீமாட்டி', 'லேடி பெட்டி பால்பர்', 'நெல்லி மோஸர்' என்று பெரும்பாலும் பிரபுக்கள் வீட்டுப் பெண்களும் பண்ணைக்காரர் வீட்டுப் பெண்களும்தான். பூ விற்க வேண்டுமானால் அப்படித்தான் பெயர் வைக்க வேண்டும். அதில் தவறு ஒன்றுமில்லை.

சகோதரர் ஸ்டெபானின் பட்டியலைப் பாருங்கள்.

'எமிலியா பிளாட்டர்' என்று ஒன்று, வெளிர் நீலம். ரஷ்ய ஜார் மன்னனுக்கு எதிராக 1830-ல் மூண்ட கிளர்ச்சியில் படை திரட்டிக்கொண்டு போன பெண் அவள். 1831 டிசம்பரில், 25 வயதில் இறந்தாள். நம் ஜான்ஸி ராணிக்குக் கால் நூற்றாண்டு மூத்தவள்.

'வெஸ்டர்ப்ளாட்டே' என்று ஒன்று. வெல்வெட்டுத் துணி போன்ற கருஞ்சிவப்பு. 1939 செப்டம்பர் முதல் தேதி ஜெர்மன் போர்க்கப்பல் பீரங்கிப் பிரயோகம் செய்ய, இரண்டாவது உலக யுத்தத்தின் முதல் சண்டைகளில் ஒன்று நடந்த கடலோர ராணுவக் கிடங்கின் பெயர் அது. சுமார் 200 போலந்துச் சிப்பாய்கள். சில மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று வைக்கப்பட்டவர்கள். ஏழு நாள் தாக்குப்பிடித்தார்கள்.

'மோன்டே காஸினோ' என்று ஒன்று, அதுவும் சிவப்பு. இத்தாலியில் ஒரு மலை மேல் உள்ள மடத்தைப் பிடிக்க 1944-ல் நாலு தடவை படையெடுத்தார்கள். நடுவில் இரண்டு தடவை போய் அந்தச் சரிவுகளில் ஏராளமானவர்களைப் பலிகொடுத்துத் திரும்பியவர்களில் நம் இந்தியப் படையின் நான்காவது டிவிஷனும் உண்டு. நாலாவது தடவை, மே 18-ந் தேதி, போலந்துச் சிப்பாய்கள் உச்சியில் கொடி ஏற்றினார்கள். அவர்களில் பலர் யுத்தம் முடிந்த பிறகு தங்கள் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. ஊர் சோவியத் யூனியனுக்குள் போய்விட்டது.

'வார்ஸாவின் நைக்கி' என்று ஒன்று. கரு ஊதாவின் நடுவில் மஞ்சள் மகரந்தம். வார்ஸாவில் யுத்தத்தில் மாண்டவர்களுக்காக 1964-ல் நிறுவப்பட்ட, வாள் ஏந்திய வெற்றித் தேவதையின் சிலைக்கு மக்கள் வைத்த பெயர் அது.

'கார்டினல் விஷின்ஸ்கி' என்று ஒன்று. அரசாங்கத்துக்குத் தலைவணங்காததற்காக 1953 முதல் 1956 வரை சிறை வைக்கப்பட்ட போலந்துத் திருச்சபைத் தலைவர். 'யெர்ஸி பொப்பியெலுஷ்கோ' என்று ஒன்று, வெள்ளைப் பூ. தொழிலாளர்களுக்காகப் பேசிய இளம் பாதிரியார். 1984 அக்டோபரில் ரகசியப் போலீசார் கடத்திப்போய்க் கொன்றார்கள். 'இரண்டாம் ஜான் பால்' என்று ஒன்று; 1978-ல் போப்பாண்டவரான போலந்துக்காரர் அவர் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் அவர் பயந்த காலத்தில் ரகசியமாக வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. சில, அந்த ஆட்சி இருந்தபோதே வெளிவந்தவை. சில, 1989-ல் அது போன பிறகு வந்தவை. துறவி, பூக்களைக் கொண்டு அரசியல் நடத்தினார் என்றும் நான் சொல்லமாட்டேன். அமைதியையும் வானத்தையும் சொல்லும் 'நீல தேவதை' போன்ற பெயர்களும் அவர் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒரு தேசத்தின் நூற்றைம்பது வருஷச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தக் காலத்துப் பள்ளிப் பாடப் புஸ்தகத்தைவிட அவருடைய தோட்டத்துப் பெயர்ச் சீட்டுகள் மேல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தக் காரியத்தில் அவர் தனியாகவும் இல்லை. விளாடிஸ்வாவ் நோல் என்ற மற்றொரு போலந்துக்காரர் வளர்த்த நீலப் பூ ஒன்றுக்குத் 'தளபதி சிகோர்ஸ்கி' என்று பெயர். யுத்த காலத்தில் லண்டனிலிருந்து போலந்தின் அரசாங்கத்தை நடத்தியவர் சிகோர்ஸ்கி. கட்டின் காட்டில் கொல்லப்பட்டுக் கிடந்த போலந்து அதிகாரிகளைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கம் விசாரிக்க வேண்டும் என்று அவர் அரசாங்கம் 1943-ல் கேட்டது. உடனே ஸ்டாலின் அந்த அரசாங்கத்தோடு உறவை முறித்துக்கொண்டார். சில மாதங்களுக்குள் ஜிப்ரால்டர் அருகே விமானம் கடலில் விழுந்து சிகோர்ஸ்கி மாண்டார். இங்கிலாந்தில் நியூவார்க் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். அவர் பெயர் கொண்ட பூவை, 1980-ல் சஃபோக் மாவட்டத்துக் கிளமேட்டிஸ் பண்ணைக்காரரான ஜிம் ஃபிஸ்க் என்பவர் இங்கிலாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். போலந்திலிருந்து பூ வந்துவிட்டது. போலந்துக்கு உடல் போகவில்லை. 1993-ல்தான் தளபதியின் எலும்புகள் தாய்நாடு திரும்பின. இடையில் பதின்மூன்று வருஷம், அவர் புதைந்திருந்த தேசத்துத் தோட்டங்களில் அவர் பெயரால் பூ பூத்துக்கொண்டிருந்தது. நாவலில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று வாசகர்கள் சொல்லிவிடுவார்கள். சரித்திரம் அதையெல்லாம் லட்சியம் செய்வதில்லை.

சகோதரர் ஸ்டெபானின் கொடிகளையும் ஃபிஸ்க்கைப் போன்றவர்களே மேற்கு ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார்கள். பனிப்போர் காலம், மனிதர்கள் எல்லையைத் தாண்டுவது கஷ்டம். செடி தாண்டியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இங்கிலாந்தில் எங்கோ ஒரு வீட்டில், சுவரோரம் படர்ந்த பூவின் அழகைப் பார்க்கிற அம்மாளுக்கு வெஸ்டர்ப்ளாட்டே என்றால் என்ன தெரியும்? அது ஒரு சிவப்புப் பூ, அவ்வளவுதான். கடைக்காரர்களுக்குப் போலந்துப் பெயர் வாயில் நுழையாது. ஆகையால் 'ப்ளூ ஏஞ்சல்' என்றும் 'ஜான் பால் தி செகண்ட்' என்றும் இங்கிலீஷாக்கி விற்றார்கள். ரத்தம் சிந்திய இடத்தின் பெயரைப் பூந்தொட்டியில் குத்தி வைத்து விலை போடுவது அந்தப் பெயரைச் சிறுமைப்படுத்துவதாகாதா? இந்தச் சந்தேகத்தை நான் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. மாண்டவர்களின் பெயர்கள் தெருப் பலகையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஏறி, நாளடைவில் பஸ் நிறுத்தமாகவே ஆகிவிடுவதை நாமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

ஆனால் தெருவுக்கு இடும் பெயருக்கும் பூவுக்கு இடும் பெயருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 1953-ல் ஸ்டாலின் இறந்ததும் போலந்தில் கடோவிட்ஸெ என்ற பெரிய நகரத்தின் பெயரை ஸ்டாலினோகிராட் வகையில் 'ஸ்டாலினோகிருட்' என்று மாற்றினார்கள். ஊராரை யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1956-ல், மறுபடியும் கடோவிட்ஸெ ஆக்கினார்கள். ஒரு நகரத்தின் பெயரை ஒரு மந்திரி ஒரே கையெழுத்தில் மாற்றிவிட முடிகிறது. பூவின் பெயர் விஷயம் வேறு. உலகத்துக் கிளமேட்டிஸ்களுக்கெல்லாம் ஒரே பதிவேடு. அதை லண்டனில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம் வைத்திருக்கிறது. வளர்த்தவர் தம் பாஷையில் வைத்த பெயரே அதில் செல்லும். கடைக்காரர் என்ன வேண்டுமானாலும் மொழிபெயர்த்து விற்கலாம். பதிவேட்டில் 'யான் பவேவ்' என்ற போலந்துப் பெயர்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று. இந்தக் கொடிகளை விதை போட்டு இனம் பெருக்குவதில்லை. விதையில் வளர்ந்தால் குணம் மாறிவிடும். தண்டை வெட்டி வேர்விடச் செய்கிறார்கள், அல்லது பதியம் போடுகிறார்கள். ஆகவே உலகத்தில் எங்கே ஒரு 'வார்ஸாவின் நைக்கி' பூத்தாலும், அது அந்தத் துறவியின் தோட்டத்தில் முளைத்த ஒரே ஒரு நாற்றின் துண்டுதான். கிளையின் கிளையின் கிளை. பெயர் தெரியாத அந்த இங்கிலாந்து அம்மாளின் சுவரில் இருப்பதும் ரகோவியெட்ஸ்கா தெருச் செடியே. அவளுக்குத் தெரியாவிட்டால் போகிறது. பெயர்ச் சீட்டு அவளிடம் இருக்கிறது. அவளுடைய பேரனோ பேத்தியோ ஒரு நாள் அதைப் பார்த்து, 'இது என்ன பெயர்?' என்று கேட்கலாம். கேட்டால் பதில் இருக்கிறது. புதைத்து வைத்த கணுவுக்கு அதற்கு மேல் வேலை இல்லை. அது காத்துக்கொண்டிருந்தால் போதும்.

பெயர் கொடுத்தவர்களுக்குப் பின்னால் கௌரவங்கள் வந்தன. பொப்பியெலுஷ்கோவை 2010-லும், விஷின்ஸ்கியை 2021-லும் அருளாளர்கள் என்று திருச்சபை அறிவித்தது. இரண்டாம் ஜான் பால் 2014-ல் புனிதரானார். ரோமாபுரி தீர்மானிப்பதற்கு முன்பே ஒரு தோட்டக்காரர் தீர்மானித்துவிட்டார்.

குளிர்தேசத்தில் யாராவது இந்தக் கொடிகளில் ஒன்றை வைக்க விரும்பினால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு சாண் ஆழக் குழி; மக்கிய எரு; நாலு விரற்கடை புதையும்படி நடவு; சன்னமான தட்டி; வேருக்கு நிழல். ஐப்பசியில் இலைச் சருகைக் குவித்து அடியில் மூடாக்குப் போட வேண்டும். பின்பூக் கொடியாக இருந்தால், மார்ச் மாதத்தில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முழம் விட்டு வெட்டிவிட வேண்டும். முதல் வருஷம் பூ அதிகமாக எதிர்பார்க்கக் கூடாது. பெயர்ச் சீட்டை மட்டும் எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.